நாலா, ஆறா, எட்டா? கையெழுத்துக்குப் பிறகு மாறிய ஒரு படை ஒப்பந்தம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. பலகையில் 'நகல், லேமினேட், பாரம் நிரப்புதல்' என்று போட்டிருக்கும். மூன்றாவதுதான் சோறு போடுகிறது. சுற்றுத் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), நிலவரி என்று ஏதாவது ஒரு கடுதாசியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அமெரிக்க ராணுவத்தின் சேர்க்கை ஒப்பந்தம் என் மேசைக்கு வந்தது ஒரே ஒரு முறை, 2024இல். அதைத்தான் எழுதுகிறேன். பையன் எந்தப் படை, எந்தப் பிரிவு என்பதை விட்டுவிடுகிறேன். அவன் இன்னும் வேலையில் இருக்கிறான். நம் ஊரோ ஒரு பக்கம் தும்மினால் மறு பக்கம் கேட்கிற ஊர்.

அவனுடைய அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, 90களில் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போய் அங்கேயே தங்கியவர். பையன் அங்கே பிறந்தவன், அந்நாட்டுக் குடிமகன், வயது 19. தாத்தா தவறியதும் கருமக்கிரியைக்கு வந்திருந்தான். காரியம் முடிந்த மறுநாள் பாட்டி அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கூடவே சார்ஜன் மாமா. மலேசிய ராணுவத்தில் 21 வருடம் போட்டு, பென்ஷனோடு வந்தவர். ஊரில் யார் வீட்டுப் பிள்ளை பட்டாளம் என்று வாயெடுத்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பாட்டி பிளாஸ்டிக் பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, நீயே பாரு. நாலு வருஷம்னு போட்டிருக்கு. இவன் ஆறுங்கிறான்."

"ஆறுதான் அங்கிள்," என்றான் பையன்.

மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை ஓர் இடத்தில் வைத்தார். "எட்டு. மேலேயே அச்சடிச்சிருக்கான்."

மூன்று பேர், ஒரே கட்டு, மூன்று எண்கள். நான் முழுக்கப் படிக்க முக்கால் மணி நேரம் ஆனது. படித்து முடித்தால், மூன்று பேர் சொன்னதும் சரி.

மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன

தாளின் பெயர் டி.டி. ஃபார்ம் 4. அமெரிக்காவின் எந்தப் படையில் சிப்பாயாகச் சேர்ந்தாலும் இதே தாள்தான். முதல் முறை சேர்பவரின் மொத்தக் கடப்பாடு 6 வருடத்துக்குக் குறையாமலும் 8 வருடத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பாதுகாப்புத் துறை அதை 8 என்றே வைத்திருக்கிறது. முழுநேர வேலை போக மிச்ச வருடங்கள் ரிசர்வில் கழியும். பெரும்பாலும் அது பெயர்ப் பட்டியலில் இருப்பதுதான்: சீருடை இல்லை, மாதப் பயிற்சி இல்லை, ஆனால் கூப்பிட்டால் போக வேண்டும். மாமா பார்த்த எட்டு இதுதான்.

பாட்டி பார்த்த நாலு, முழுநேர வேலைக்கான வருடம். அதுவும் அதே தாளில்தான் இருக்கிறது.

பையனின் ஆறு அந்தத் தாளிலேயே இல்லை. கட்டின் கடைசியில், வேறு எழுத்துருவில், ஒற்றைத் தாள்: நாலு வருடம் முடிந்ததும் மேலும் 24 மாதம் நீட்டிக்கச் சம்மதிக்கிறேன் என்று அதே நாளில் போட்ட இன்னொரு கையெழுத்து. பயிற்சிக்கே நீண்ட காலம் பிடிக்கும் தொழில்நுட்பப் பிரிவுகளில் இப்படி நாலையும் இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குவது உண்டு. கடற்படையின் அணுசக்திப் பிரிவு இதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம். அந்த இரண்டு வருடத்துக்குப் பதிலாக, அடிமட்டமான இ-1 படிநிலையில் நுழைய வேண்டியவனை இ-3இல் நுழைய விடுகிறார்கள்.

எங்கள் ஊரில் ஒப்பந்தம் என்ற சொல்லுக்கே ஒரு நாற்றம் உண்டு. சஞ்சிக்கூலி எனும் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்படும்வரை, ஒப்பந்தக் காலம் முடியாமல் தோட்டத்தை விட்டு ஓடுவது குற்றம், அதற்குத் தண்டனை. பிறகு கங்காணி மூலம் வந்தவர்கள் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சட்டம் சொன்னது. கங்காணியின் கடன் நோட்டு விடவில்லை. பாட்டியின் மாமனார் அப்படி வந்தவர். தாளில் ஒரு எண், வாயில் ஒரு எண் என்றதும் பாட்டிக்கு ஏன் முகம் சுருங்கியது என்று எனக்குப் புரிந்தது. அப்புறம், பட்டாளம் என்றாலே அவருக்கு வேறொரு நினைவும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்கார துரைமார் சுடப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது. காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரர்களுக்குப் போய்விடும் என்று, முள்வேலிக்கு வெளியே சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகவிடாமல் சிப்பாய் நின்று சோதித்த காலத்தில் பாட்டி சின்னப் பிள்ளை.

பையன் கேட்டது

அவனுக்கு ஆறு வேண்டாம், நாலு போதும். காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னான்: "பாட்டிக்கு 74. நான் ஆறு வருஷம் முடிச்சு வந்தா 80."

சார்ஜன் மாமா தலையை ஆட்டினார். "கையெழுத்து போட்டா போட்டதுதான்டா. போகலேன்னா ஆள் அனுப்பிப் பிடிப்பான்." அவர் சொன்னதற்குத் தாளிலேயே ஆதாரம் இருந்தது. குறித்த தேதிக்குள் வந்து சேராவிட்டால் ரிசர்வ் வீரன் என்ற முறையில் முழுநேரப் பணிக்கு உத்தரவிடப்படுவேன் என்று புரிந்துகொள்கிறேன், என்று ஒரு வரி.

பையன் அதற்கு நேர் எதிர்க் கரையில் நின்றான். கூட்டாளி ஒருவன் சொன்னானாம், உள்ளே போய்ப் பயிற்சி முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று. அதனால் இப்போது அவசரம் இல்லை, பாட்டி கேட்டதால்தான் வந்தேன் என்றான்.

இரண்டு பேரும் தப்பு. இந்த நிகழ்வில் நான் கற்றுக்கொண்ட விஷயம் முழுக்க அந்த இரண்டு தப்புக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அமெரிக்கப் படையில் சேருகிறவன் ஒரே தாளில் இரண்டு முறை கையெழுத்துப் போடுகிறான். முதல் முறை போடும்போது அவன் சேர்வது தாமத நுழைவுத் திட்டத்தில். அங்கே டெப் என்கிறார்கள். சட்டப்படி இது பொதுவாக 365 நாள் வரை போகலாம். பள்ளி முடிக்கவும் பயிற்சி முகாமில் இடம் காலியாகவும் காத்திருக்கும் காலம். சம்பளம் கிடையாது, ராணுவக் குற்றச் சட்டம் அவனைத் தொடாது. இரண்டாவது கையெழுத்து முகாமுக்குக் கிளம்பும் நாளன்று. அன்றைக்கு டெப்பிலிருந்து விடுவித்து, நிரந்தரப் படையில் சேர்த்து, மறுபடி உறுதிமொழி வாங்குவார்கள். அதற்குப் பிறகு சொல்லாமல் வராமல் இருந்தால் அது குற்றம்.

மாமா பார்த்த அந்த மிரட்டல் வரி அச்சில் இருக்கிறது. ஆனால் டெப்பில் இருப்பவன் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விடுவித்துவிடுவதுதான் நடைமுறை. முழுசாகவே வெளியேற முடியும் என்றால், வருடத்தை மாற்றிப் பேசவும் முடியும். பையன் போட்டிருந்தது முதல் கையெழுத்து மட்டும். இரண்டாவதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

உள்ளே போன பிறகு நிலைமை வேறு. கூட்டுவது சுலபம், இருவரும் சம்மதித்தால் ஒரு சேர்க்கைக் காலத்தின் மேல் நீட்டிப்புகளாக மொத்தம் 4 வருடம் வரை ஏற்றலாம். குறைப்பது அவன் கையில் இல்லை. படை ஆட்குறைப்பு செய்தால், குடும்பக் கஷ்டத்தை நிரூபித்தால், உடம்பு கெட்டால் என்று விதிகளில் சொன்ன கதவு ஏதாவது திறந்தால்தான் உண்டு. படையின் பக்கத்திலிருந்தோ தன்னிச்சையாகவே காலம் கூடலாம்: போர்க் காலத்தில், போர் முடிந்து ஆறு மாதம் வரை அவன் சம்மதம் இல்லாமலே நீட்டிக்கலாம் என்று அதே தாள் சொல்கிறது. 2001க்குப் பிறகு ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது காலம் முடிந்தவர்களையும் போகவிடாமல் நிறுத்திவைத்தது வேறொரு சட்ட அதிகாரத்தின்படி. இதை வாசித்துக் காட்டியதும் மாமா முதல் தடவையாகச் சிரித்தார். "பட்டாளம்னா எல்லா ஊர்லயும் பட்டாளம்தான்."

மேசையில் போட்ட கணக்கு

அந்த 24 மாதத் தாளை மட்டும் கிழித்துவிட்டு வேலையை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா? பையனின் ஆசை அதுதான். முடியாது. அந்தப் பிரிவின் விலையே அந்த 24 மாதம்தான். ஆகவே இருந்தவை மூன்று: ஆறோடு போவது, நாலு வருட வேலை ஒன்றுக்கு மாறுவது, மொத்தமாக விலகுவது. மூன்றாவதை அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மாறினால் என்ன போகும் என்று பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினோம். இ-3 போய் இ-1 ஆகிவிடும். அந்த வருடச் சம்பளப் பட்டியலில் இ-1க்கு அடிப்படைச் சம்பளம் மாதம் சுமார் 2,017 டாலர், இ-3க்கு சுமார் 2,377. முதல் நாலு மாதம் இ-1க்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் 360 டாலர். அதை வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்டுக்கு) மாற்றிச் சொன்னதும் பாட்டி என்னைப் பார்த்தார். அப்போது மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளமே 1,500 வெள்ளி. அந்த வித்தியாசமும் கிட்டத்தட்ட அவ்வளவு வந்தது. அதாவது இங்கே செம்பனைக் குலை அறுக்கும் ஒருவரின் மாதச் சம்பளத்தை அவன் வேண்டாம் என்று தள்ளுகிறான். இ-1இலேயே கடைசிவரை இருக்கமாட்டான் என்பது வேறு விஷயம். ஊக்கத்தொகை ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் போகும்.

போகாதவையும் உண்டு, அவற்றை அவன் யோசித்தே பார்க்கவில்லை. 2001க்குப் பிந்திய வீரர்களுக்கான கல்வி உதவி முழு அளவில் கிடைக்க 36 மாத முழுநேரப் பணி போதும். அதனால் நாலு வருடம் போட்டாலும் ஆறு வருடம் போட்டாலும் படிப்புக்குக் கிடைக்கும் உதவி ஒன்றுதான். பென்ஷனை மாமா விடவில்லை. "நமக்கு 21. அவனுக்கு எத்தனை?" 20. நாலிலும் கிடையாது, ஆறிலும் கிடையாது. ஆனால் 2018 முதல் அமலில் இருக்கும் ஓய்வுத் திட்டத்தில் இரண்டு வருடம் தாண்டினால் சேமிப்புக் கணக்கில் அரசாங்கம் போட்ட பங்கும் கூடவே வரும். அதில் அதிக வருடத்துக்கு அதிகப் பணம், அவ்வளவே.

இன்னொன்று: வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு. கேட்கிற நேரத்தில் கிடைக்காமல் போகலாம், ஆனால் உரிமை உண்டு. ஆறு வருடத்தில் 180 நாள். பாட்டியைப் பார்ப்பதுதான் காரணம் என்றால் ஆறு வருடம் இருந்துகொண்டே பார்க்கலாம். நான் இதைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், பதில் சொல்லவில்லை. என் எண்ணம் இன்றைக்கும் அதுதான். அப்படி ஒரு தொழிலை 19 வயதில் இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறவன் கேட்கும் இரண்டு வருடம் பெரிய விலை இல்லை. ஆனால் பாட்டி வளர்த்த பிள்ளை நான் இல்லை. அவன் சின்ன வயதில் இரண்டு வருடம் இங்கே, அந்த வீட்டில் இருந்திருக்கிறான்.

எழுதிக் கேட்டது

ஆள் சேர்த்த ரெக்ரூட்டருக்கு அவன் என் கடைக் கணினியிலிருந்தே மின்னஞ்சல் அனுப்பினான். முதலில் அவன் அடித்தது ஒரே வரி: எனக்கு நாலு வருடமாக மாற்ற வேண்டும். அதை அழிக்கச் சொன்னேன். இப்படிக் கேட்டால் 'வா, பேசுவோம்' என்றுதான் பதில் வரும். டி.டி. ஃபார்ம் 4இல் ஒரு வரி முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறது: இந்தப் பகுதியிலும் இணைப்புத் தாள்களிலும் எழுதியவைதான் அரசாங்கம் எனக்குக் கொடுத்த வாக்குறுதிகள்; வேறு யார் என்ன சொல்லியிருந்தாலும் செல்லாது. அதனால் பேச்சை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மூன்று கேள்வியாகப் பிரித்தோம். என் இப்போதைய பிரிவை 24 மாத நீட்டிப்பு இல்லாமல் வைத்துக்கொள்ள வழி உண்டா? இல்லையென்றால் என் தேர்வு மதிப்பெண்ணுக்கு நாலு வருட வேலைகளில் எவை காலியாக உள்ளன? மாறினால் கிளம்பும் தேதியும் படிநிலையும் என்ன ஆகும்? கடைசியில் நான் சொல்லி இன்னொரு வரியும் சேர்த்தான்: நான் இப்போது மலேசியாவில் இருக்கிறேன், இந்தத் தேதியில் திரும்புகிறேன். முகவரி மாறினால், உடம்பு மாறினால், கல்யாணம் ஆனால் தெரிவிக்க வேண்டும் என்று அதே தாளில் இருக்கிறது. இவன் நாட்டை விட்டு வந்ததையே சொல்லியிருக்கவில்லை.

அனுப்பும்போது இங்கே இரவு 9 மணி, அங்கே காலை 9. கடையை மூடாமல் உட்கார்ந்திருந்தோம். பாட்டி பக்கத்துக் கடையிலிருந்து மூன்று தே தாரேக் வாங்கிவரச் சொன்னார். மாமாவுக்குச் சீனி இல்லாமல். முதலில் வந்தது ஒரு போன். பையன் பேசினான், 'ஓகே, ஓகே' என்றான், வைத்தான். "மாத்தலாமாம் அங்கிள், போனதும் பார்க்கலாம்னு சொல்றார்." அதையே எழுத்தில் அனுப்பச் சொல் என்றேன். கூச்சப்பட்டான். அடித்து அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் எழுத்தில் வந்தது, போனில் வந்ததைவிடத் தெளிவாக. முதல் கேள்விக்கு இல்லை. இரண்டாவதற்கு, நேரில் படைச் சேர்ப்பு நிலையத்துக்கு வந்தால்தான் அன்றைக்கு எது காலி என்று தெரியும், இப்போதே உறுதி சொல்ல முடியாது. மூன்றாவதற்கு, இ-1, தேதி தள்ளிப் போகலாம். அந்த மனிதர் நேர்மையாகத்தான் பதில் சொன்னார். கேட்ட விதம் மாறியதும் பதிலின் தரமும் மாறியது.

எட்டு நாள் கழித்து அவன் விமானம் ஏறினான்.

இரண்டாவது கையெழுத்து

அங்கே போய் நாலு வருட வேலை ஒன்றை எடுத்துக்கொண்டான். பெயரைச் சொன்னான், எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தேதி ஐந்து வாரம் தள்ளிப் போனது. புதிய இணைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டான். கிளம்புவதற்கு முந்திய நாள் எனக்கு அழைத்து, நாளைக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான்.

நாலு என்ற எண்ணைப் பார்க்காதே என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. பழைய தாளிலும் நாலுதான், புதிய தாளிலும் நாலுதான். வருடம் எழுதும் கட்டம் எதையும் காட்டிக்கொடுக்காது. வித்தியாசம் இருப்பது இரண்டே இடத்தில். டி.டி. ஃபார்ம் 4இன் பின்பகுதியில், டெப்பிலிருந்து விடுவித்து நிரந்தரப் படையில் சேர்க்கக் கோரும் பத்தியில் ஒரு வாக்கியம் வரும்: என் சேர்க்கை விருப்பங்களில் மாற்றம் எதுவும் இல்லை, அல்லது மாற்றம் இருந்தால் அது இன்ன இணைப்பில் பதிவாகியுள்ளது, அது இன்ன இணைப்புக்குப் பதிலானது. அந்தக் கோடிட்ட இடங்களில் புதிய இணைப்பின் அடையாள எழுத்தும் (ஏ, பி என்று இருக்கும்) பழையதன் எழுத்தும் இருக்க வேண்டும். கோடு வெறுமையாக இருந்தால், மாற்றம் இல்லை என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி. இரண்டாவது, கட்டின் கடைசியில் அந்த 24 மாதத் தாள் இருக்கக்கூடாது.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாற்பது பேர் வரிசை. எல்லாரும் விடிவதற்கு முன்பே எழுப்பப்பட்டவர்கள். ஆளுக்கொரு பேனா, 'இங்கே, இங்கே, இங்கே' என்று விரல் காட்டும் இடத்தில் கையெழுத்து. இவன் முறை வந்ததும் தாளைத் திருப்பினான். இணைப்பு எழுத்து சரியாக இருந்தது. இன்னும் திருப்பினான். நீட்டிப்புத் தாள் அங்கேயே இருந்தது, பழைய கட்டோடு சேர்ந்து அச்சாகி வந்திருந்தது. "இது வரக்கூடாது" என்றான். பின்னால் நின்றவன் பெருமூச்சு விட்டானாம். மேசையில் இருந்தவர் பார்த்தார், ஒரு நிமிடம் உள்ளே போய்க் கேட்டு வந்தார், தாளை உருவிக் குறுக்கே கோடு போட்டார், மீதியை நீட்டினார். அவ்வளவுதான், சண்டை இல்லை, சத்தம் இல்லை.

அவன் பார்க்காமல் விட்டிருந்தால்? பதிவுத் திருத்த வாரியம் என்று ஒன்று உண்டு, டி.டி. ஃபார்ம் 149இல் மனுப் போடலாம், பிழையைக் கண்டுபிடித்த மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு மனுப் போடுகிறவனுடையது. அன்றைக்கு அவன் கையில் இருக்கக்கூடிய சான்று என் கடையிலிருந்து போன மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும் மட்டும்தான். வரிசையில் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது மலிவு.

புதிய தாளின் படத்தை அவனுடைய அப்பா எனக்கு அனுப்பினார், பாட்டிக்கு ஒரு நகல் போட்டுக் கொடுக்கச் சொல்லி. போட்டுக் கொடுத்தேன். பாட்டி பழையதையும் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே கட்டத்தில் இரண்டு தாளிலும் விரல் வைத்துப் பார்த்தார்.

"என்னமோ மாத்துனான் மாத்துனான்னீங்க," என்றார். "நாலுன்னுதானே நான் முதல்லயே சொன்னேன்."

நகலுக்கு 20 காசு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.